ஷெரிஃப் வரியைக் காலியாக விட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாண்டா கிளாரா கவுன்ட்டியில் (நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம்) ஓட்டுரிமை உள்ள தமிழ் மக்களுக்கு,

வணக்கம். குபர்டினோ, சன்னிவேல், சான் ஹோசே, மில்பிடாஸ் என்று கலிஃபோர்னியாவின் இந்தச் சிலிக்கான் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியிருக்கிறோம். நம்மில் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடுகிறவர்களுக்குத்தான் இந்த மடல். யாருக்கும் பாடம் எடுக்க வரவில்லை. என் கதையைக் கேட்டால் அந்தத் தகுதி எனக்கு இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

2018 நவம்பர். குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகு எனக்கு முதல் பொதுத்தேர்தல். தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சமையலறை மேசையில் விரித்து, பக்கத்தில் காபி, கருப்பு பேனா, தடிமனான வாக்காளர் கையேடு என்று தேர்வுக்கு உட்கார்வதுபோல் உட்கார்ந்தேன். ஆளுநர், செனட்டர் எல்லாம் ஐந்து நிமிட வேலை. மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் மாநிலத் தீர்மானங்கள்தான் நேரத்தைத் தின்றன. அந்த வருடம் 12-ஆம் தீர்மானம் பண்ணை விலங்குகளைப் பற்றியது. முட்டையிடும் கோழிக்கு எத்தனை சதுர அடி இடம் தர வேண்டும் என்று கேட்டார்கள். ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம், அதற்கு மறுப்பு என்று அத்தனையையும் படித்து, வீட்டுக்காரரிடம் விவாதித்து, வட்டத்தை நிரப்பினேன். சீட்டின் இன்னொரு மூலையில் ‘ஷெரிஃப்’ என்று ஒரு வரி, கீழே இரண்டு பெயர்கள். லாரி ஸ்மித், ஜான் ஹிரோகாவா. இரண்டு பேரையும் தெரியாது. பெயர்களுக்குப் பக்கத்தில் கட்சியும் போட்டிருக்கவில்லை. சரி, தெரியாத விஷயத்தில் கை வைப்பானேன் என்று காலியாக விட்டுவிட்டு உறையை ஒட்டினேன்.

கோழிக்கூண்டின் அளவுக்காக முக்கால் மணி நேரம் செலவழித்தவள், மனிதர்களைப் பூட்டி வைக்கும் இடத்தை நடத்துகிறவர் யார் என்ற கேள்வியைத் தாண்டிப் போனேன் என்பது எனக்கு உறைக்க அடுத்த கோடை வரை ஆனது. அதுவும் அப்பா தொலைந்துபோனதால்.

அப்பா ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். தாசில்தார் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலை நடைக்குப் போனவர் திரும்பவில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அதே ஓட்டுக்கூரை, அதே புல்வெளி. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு ரோந்து வண்டி வாசலில் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து அப்பா இறங்கினார். ஓட்டி வந்த டெபுடி, அதாவது காவலர், அவரிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார். நன்றி சொல்ல மறுநாள் நகர அலுவலகத்துக்குப் போன் செய்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. குபர்டினோ நகருக்கென்று தனியாகப் போலீஸ் துறை கிடையாது. கவுன்ட்டி ஷெரிஃபிடம் பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். சாரடோகாவும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸும் அப்படித்தான். பத்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், என் தெருவில் ரோந்து போகும் வண்டி யாருடையது என்று பார்த்ததில்லை.

சாயங்காலம் அப்பாவுக்கு ஒரே குழப்பம். “ஷெரீப்னா நம்ம மெட்ராஸ் ஷெரீப் மாதிரியா? அவரு ஏர்போர்ட்ல போய் வெளிநாட்டுக்காரங்களுக்கு மாலை போடுவாரு. இந்த ஆள் இடுப்புல துப்பாக்கி வெச்சிருக்காரே?” என்றார். வெள்ளைக்காரன் காலத்தில் வந்து, அலங்காரப் பதவியாக எஞ்சி, கடைசியில் எடுக்கப்பட்டுவிட்ட மெட்ராஸ் ஷெரீப்பும் இந்த ஷெரிஃபும் ஒரே ஆங்கிலேயப் பாட்டனின் பேரன்கள்தான். அங்கே மாலை, இங்கே சிறைச்சாவி. நான் விளக்கியதும் அரசு ஊழியரின் மூளை உடனே வேலை செய்தது.

“இவருக்குப் போஸ்டிங் யார் போடறா?”

“யாரும் போடறதில்லப்பா. தேர்தல்.”

“மேல யாரு? எஸ்.பி.ன்னா டி.ஐ.ஜி., ஐ.ஜி., டி.ஜி.பி.ன்னு இருப்பாங்களே. சரியில்லன்னா ராத்திரியோட ராத்திரியா மாத்திடலாம்.”

“மேல நாங்கதான்.”

“சரி. நீ யாருக்குப் போட்ட?”

அடுப்பில் ரசம் கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

அப்பாவிடம் சொல்லாமல் தப்பித்த பதிலை உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களில் எத்தனை பேர் அதே வரியைக் காலியாக விட்டிருப்பீர்கள் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. நண்பர்கள் வீட்டு விருந்துகளில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பள்ளிக் குழுமத் தேர்தலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். ஷெரிஃப் என்றால் “அது கௌபாய் படத்துல வர்றதுதானே” என்று சிரிப்பு.

“நான் சன்னிவேல், எங்களுக்குத் தனிப் போலீஸ் இருக்கு” என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் சன்னிவேலில் பிடித்தாலும் சான் ஹோசேயில் பிடித்தாலும் கொண்டுபோய் வைக்கும் கவுன்ட்டிச் சிறை ஷெரிஃப் கையில்தான் இருக்கிறது. ஒரு பெண் கணவனிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கினால், அதைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுப்பது ஷெரிஃபின் ஆட்கள். அதற்குக் கட்டணம் இல்லை என்பதே நம் பெண்கள் பலருக்குத் தெரியாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு வந்தாலும் கதவைத் தட்டுவது அவர்கள்தான். நீதிமன்றப் பாதுகாப்பும் அவர்கள் பொறுப்பு.

சிறை என்றதும் எங்கோ மலைக்கு அப்பால் இருப்பதாக நினைக்க வேண்டாம். மில்பிடாஸ் கிரேட் மாலுக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போகிறோமே, அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் எல்ம்வுட் சிறை. கவுன்ட்டியின் இரண்டு பெரிய சிறைகளில் ஒன்று. இன்னொன்று சான் ஹோசே ஹெடிங் தெருவில் இருக்கும் மெயின் ஜெயில். உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள், வழக்குக்காகக் காத்திருப்பவர்கள்.

2015 ஆகஸ்டில் அந்த மெயின் ஜெயிலில் மைக்கேல் டைரீ என்ற மனநோயாளி அடித்துக் கொல்லப்பட்டார். வயது 31. சின்னக் குற்றம். சிகிச்சை மையத்தில் படுக்கை காலியாகட்டும் என்று சிறையில் காத்திருந்தவர். மூன்று சிறைக் காவலர்கள் மீது வழக்கு நடந்து, 2017-இல் ஜூரி கொலைக் குற்றத்தை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு பிறகு மேல்முறையீட்டில் ரத்தானது வேறு கதை. அப்போது ஷெரிஃபாக இருந்தவர் லாரி ஸ்மித். 1998-இல் ஜெயித்து, கலிஃபோர்னியாவிலேயே ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்ற பெருமையோடு வந்தவர். டைரீ இறந்து மூன்று வருடம் கழித்து, நான் கோழிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த அந்தத் தேர்தலில், ஆறாவது முறையாக ஜெயித்தார்.

அப்புறம் நடந்தது செய்தித்தாள் படித்தவர்களுக்குத் தெரியும். கலிஃபோர்னியாவில் அப்போது துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் கொடுப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் ஷெரிஃபின் விருப்பம். சாதாரண ஆட்களின் விண்ணப்பங்கள் அலமாரியில் தூங்கின. வேண்டியவர்களுக்கும் பெரும் புள்ளிகளுக்கும் உரிமம் கிடைத்தது. 2018 தேர்தல் நன்கொடைக்கும் உரிமத்துக்கும் முடிச்சு இருந்ததாக 2020-இல் ஸ்மித்துக்குக் கீழே இருந்த உயர் அதிகாரிகள் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. 2022 ஜனவரியில் மாநில அட்டர்னி ஜெனரல் சிறைகளைப் பற்றித் தனி விசாரணை தொடங்கினார். அந்த இலையுதிர் காலத்தில் ஸ்மித்தைப் பதவியிலிருந்து நீக்கக் கோரும் வழக்கு விசாரணைக்கு வந்தது. தீர்ப்பு வருவதற்குச் சற்று முன்பு, அக்டோபர் கடைசி நாளில், ராஜினாமா செய்தார். நவம்பர் 3 அன்று ஜூரி ஏழு குற்றச்சாட்டுகளில் ஆறை உறுதி செய்தது.

இதில் எனக்கு மறக்காத ஒன்று ஐஸ் ஹாக்கி ஆட்டம். 2019 பிப்ரவரியில் ஷார்க்ஸ் அணியின் ஆட்டத்தைத் தன் வெற்றிக் கொண்டாட்டமாக நண்பர்களோடு சொகுசு அறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அறையைக் கொடுத்தவர் துப்பாக்கி உரிமம் வாங்கியவர். கணக்குக் காட்ட மலிவு டிக்கெட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார் என்பதுதான் வழக்கு. அன்பளிப்பு வாங்கினால் ஃபார்ம் 700 என்ற படிவத்தில் எழுத வேண்டும். எழுதவில்லை. இருபத்து நான்கு வருடப் பதவி, கடைசியில் ஒரு படிவத்தில் வந்து நின்றது. என் அப்பாவிடம் சொன்னபோது, “ஃபைல்ல இல்லாதது எதுவுமே நடக்கலைன்னு நெனச்சுக்கறாங்கம்மா” என்றார்.

ஸ்மித் நல்லவரா கெட்டவரா என்று பட்டிமன்றம் வைக்க இதை எழுதவில்லை. அவரைக் கேள்வி கேட்க யாருக்கு வழி இருந்தது என்று பாருங்கள். கவுன்ட்டியை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து சூப்பர்வைசர்கள் பட்ஜெட்டைப் பிடித்து வைத்திருக்கலாம், அறிக்கை கேட்கலாம், மேற்பார்வை அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தலாம், ஏற்படுத்தவும் செய்தார்கள். ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆளுநருக்கும் அந்த வழக்கமான அதிகாரம் இல்லை. ஷெரிஃப் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர் என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. அட்டர்னி ஜெனரலுக்கு மேற்பார்வை அதிகாரம் ஏட்டில் உண்டு, அன்றாடம் வந்து நிற்க மாட்டார். இத்தனை முறை என்றுதான் பதவியில் இருக்கலாம் என்ற வரம்பும் மாநிலச் சட்டத்தில் இல்லை. ஆக, இங்கே எஸ்.பி.யை மாற்றல் செய்யும் கையெழுத்து, நாம் காலியாக விட்ட அந்த வட்டம்தான்.

அதை நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. ட்ரேசி, மவுன்டன் ஹவுஸ் பக்கம் வீடு வாங்கிப் போன நண்பர்கள் நமக்கு நிறைய. அது சான் வாகீன் கவுன்ட்டி. அங்கே ஷெரிஃபே பிரேத விசாரணை அதிகாரியாகவும் இருந்தார். கலிஃபோர்னியாவின் பெரும்பாலான கவுன்ட்டிகளில் இன்றும் அப்படித்தான். அதாவது, போலீஸ் கையில் ஒருவர் இறந்தால், அது விபத்தா கொலையா என்று எழுதும் பேனாவும் போலீஸ் தலைவர் கையில். அமெரிக்க ஃபுட்பால் வீரர்களின் மூளை பாதிப்பைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கிய டாக்டர் பென்னட் ஒமலு அங்கே தலைமைத் தடயவியல் மருத்துவராக இருந்தார். என் முடிவுகளில் ஷெரிஃப் தலையிடுகிறார் என்று சொல்லி 2017 கடைசியில் வேலையை விட்டார். அடுத்த வசந்தத்தில் சூப்பர்வைசர்கள் அந்த அதிகாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஜூனில் வாக்காளர்கள் ஷெரிஃபையே மாற்றினார்கள். ஆறு மாதம், அவ்வளவுதான்.

வடக்கே சான் மட்டேயோவில் வேறு மாதிரி. 2022-இல் பதவியில் இருந்தவரைத் தோற்கடித்து கிறிஸ்டினா கோர்ப்பஸ் வந்தார். இரண்டே வருடத்தில் அவர் மீதே புகார்கள், ஓய்வுபெற்ற நீதிபதியின் அறிக்கை. ‘மெஷர் ஏ’ என்று 2025 மார்ச்சில் ஒரு தனித் தேர்தல் வைத்து, ஷெரிஃபை நீக்கும் அதிகாரத்தை 2028 முடியும்வரை சூப்பர்வைசர்களுக்குக் கொடுக்கலாமா என்று மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 84 பேர் கொடுக்கலாம் என்றார்கள். அக்டோபரில் அவர் நீக்கப்பட்டார். தேர்ந்தெடுத்தவர்களிடம் திரும்பப் போய் அனுமதி வாங்கித்தான் நீக்க முடிந்தது. ஒரு பக்கம் பார்த்தால் ஜனநாயகம், இன்னொரு பக்கம் பார்த்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. எனக்கே இதில் இரண்டு மனது. ஷெரிஃபைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பது நல்ல ஏற்பாடுதானா என்றுகூடச் சில நாள் தோன்றும். போலீஸ்காரர் நன்கொடை வசூலிப்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் ஏற்பாடு மாறும்வரை, இருக்கிற ஏற்பாட்டில் நம் பங்கை விட்டுவிட்டுப் பிறகு புலம்பிப் பயனில்லை.

2022-இல் நான் வரியைக் காலியாக விடவில்லை. பாலோ ஆல்டோவில் போலீஸ் தலைவராக இருந்த பாப் ஜான்சனும், ஷெரிஃப் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் கெவின் ஜென்சனும் மோதினார்கள். பாருங்கள், ஜான்சன், ஜென்சன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். போதாக்குறைக்கு, உரிம ஊழல் வழக்கில் சிக்கிய அதிகாரி ஒருவர் பெயரும் ஜென்சன், இவருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். போட்டி நெருக்கமாகப் போய் ஜான்சன் ஜெயித்தார். அவர் எப்படி நடத்துகிறார் என்பதை வேறொரு நாள் பேசலாம்.

சரி, தெரியாதவரைப் பற்றித் தெரிந்துகொள்வது எப்படி? கட்சிப் பெயர் இல்லாததால் குறுக்குவழி கிடையாது. கையேட்டில் வரும் வேட்பாளர் அறிக்கையை அவரவர் காசு கொடுத்து அச்சிடுகிறார்கள். ஆகவே அதைத் திருமணப் பத்திரிகைபோல் படியுங்கள், மாப்பிள்ளையின் குறை அதில் இருக்காது. குறை தெரிய வேண்டுமானால் நன்கொடைக் கணக்கான ஃபார்ம் 460-ஐ எடுங்கள். வேட்பாளர்கள் தாக்கல் செய்வது பொது ஆவணம். நூறு டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவரின் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் இருக்கும். நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், வெப் சீரிஸ் தோற்றது. வேட்பாளரின் பேருக்கு வரும் பணத்தை மட்டும் பார்த்தால் போதாது. தனியாக ஆதரவுக் குழு வைத்துச் செலவழிப்பவர்களின் கணக்கையும் பாருங்கள், கதை அங்கேதான் நடக்கும். டெபுடிகளின் சங்கமும் சிறைக் காவலர் சங்கமும் யாரை ஆதரிக்கின்றன என்பதையும் கவனியுங்கள், ஆனால் அப்படியே நம்பிவிட வேண்டாம். கூட வேலை பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரியும் என்பது உண்மை. தங்களைத் தட்டிக் கேட்காத ஆளை அவர்களுக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை.

இன்னொரு முக்கியமான விஷயம். கவுன்ட்டிப் பதவிகளுக்கு முதல் சுற்றிலேயே ஒருவர் பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் கதை முடிந்தது, நவம்பரில் அந்தப் போட்டி சீட்டிலேயே வராது. நாம்தான் நவம்பருக்கு மட்டும் விழித்துக்கொள்கிற ஜாதியாயிற்றே. மாநிலச் சட்டம் மாறி, ஷெரிஃப் தேர்தலை ஜனாதிபதித் தேர்தல் வருடத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதனால் 2022-இல் ஜெயித்தவருக்கு நான்குக்குப் பதில் ஆறு வருடம். நமக்கு அடுத்த வாய்ப்பு 2028. முதல் சுற்று மார்ச்சில். ஜனாதிபதி வேட்பாளர் சத்தத்தில் ஷெரிஃப் வரி இன்னும் கீழே அமுங்கிப் போகும் என்பதுதான் என் பயம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஸ்மித்தை நீதிமன்றத்தில் நிறுத்தியது யார் தெரியுமா? சிவில் கிராண்ட் ஜூரி. நம் கவுன்ட்டியில் 19 பேர், எல்லாரும் சாதாரணக் குடிமக்கள், ஒரு வருடம் உட்கார்ந்து கவுன்ட்டி நிர்வாகத்தைத் துருவுகிறார்கள். குடியுரிமையும், பதினெட்டு வயதும், இங்கே ஒரு வருடக் குடியிருப்பும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஓய்வு பெற்ற நம் மாமாக்கள், மாமிகள் எத்தனை பேர் நூலகத்தில் உட்கார்ந்து நாட்டு நடப்பை அலசுகிறார்கள்! ஆடிட்டர்களும் வங்கி அதிகாரிகளும் அதில் உண்டு. அந்தத் திறமை சிறைக் கணக்கைப் பார்க்கட்டுமே.

கிரீன் கார்டிலும் விசாவிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தவறியும் வாக்காளராகப் பதிந்துவிடாதீர்கள், ஓட்டுநர் உரிமப் படிவத்தில் அந்தக் கேள்வியைக் கவனமாகப் படியுங்கள், குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கலாகும். ஆனால் சூப்பர்வைசர்கள் கூட்டத்தில் எழுந்து பேச யாரும் குடியுரிமைச் சான்றிதழ் கேட்பதில்லை.

தமிழ் அமைப்புகளை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. 2028 பொங்கல் விழா, மார்ச் தேர்தலுக்கு ஏழெட்டு வாரம் முன்னால் வரும். கோலப்போட்டிக்கும் பறையாட்டத்துக்கும் நடுவில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேட்பாளர்கள் எல்லாரையும் கூப்பிடுங்கள். ஒருவரை மட்டும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்ளும் வேலை வேண்டாம். சிறையில் மனநோயாளிகளை எப்படி வைத்திருப்பீர்கள், சிறையில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள், தமிழோ இந்தியோ மட்டும் பேசும் ஒரு முதியவர் உங்கள் வண்டியில் ஏறினால் மொழிபெயர்ப்பாளர் எப்படி வருவார் என்று கேட்போம். கேள்விகளைத் தொகுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மேசை நாற்காலி போடவும் வருகிறேன்.

அன்புடன்,
குபர்டினோவிலிருந்து ஒரு வாக்காளர்

பி.கு.: 2022 நவம்பரில் உறையை நூலக வாசல் பெட்டியில் போட்டுவிட்டு ஊருக்குப் போன் செய்தேன். அப்பா முதலில் கேட்டது, “அந்த ஷெரீப்புக்குப் போட்டியா?” போட்டேன் என்றேன். “யாருக்கு?” என்றார். அதைச் சொல்ல மாட்டேன்ப்பா, ரகசிய வாக்கெடுப்பு என்றேன். தேர்தல் டூட்டி பார்த்தவர், சிரித்துக்கொண்டே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.